எட்டு மணி ஏழு நிமிடம்

வடக்கனந்தலில் கோகிலவாணியைத் தெரியாதவர்கள் என்று யாராவது இருந்தால், அவர்கள் இனிமேல்தான் பிறக்க வேண்டும். பிறந்தாலும் ஒன்றரை மாதத்தில் தெரிந்துகொள்வார்கள். அவள் கிராம சுகாதார செவிலியர். பன்னிரண்டு வருஷமாக அதே துணை சுகாதார நிலையத்தில் புதன்கிழமை தவறாமல் தடுப்பூசி போடுகிறாள். அந்த ஊர்க் குழந்தைகள் அவளைப் பார்த்ததும் முதலில் அழும், அப்புறம் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சிரிக்கும்.

இத்தனை மரியாதை உள்ளவளைப் பற்றித்தான் ஊர் ஒரு வருஷமாக வாய்க்கு வந்தபடி பேசிக்கொண்டிருந்தது. "நர்சம்மாவப் பாதியிலயே வேன்ல ஏத்தி அனுப்பிட்டாங்களாமே."

ஏற்றி அனுப்பியது உண்மை. போன ஆவணியில் கடற்கரையோரம் நடந்த போட்டி அது. கடலில் மூன்றே முக்கால் கிலோமீட்டர் நீந்த வேண்டும். கரையேறியதும் நூற்றெண்பது கிலோமீட்டர் சைக்கிள். சைக்கிளை விட்டு இறங்கியதும் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் ஒரே நாளில், ஒரே உடம்பில். கேட்டவர்கள் எல்லாரும் "எதுக்கு?" என்றுதான் கேட்டார்கள். அவள் சிரித்து மழுப்புவாள். ஊரடங்கு நாட்களில் பஸ் ஓடவில்லை, ஸ்கூட்டியும் படுத்துவிட்டது என்று அண்ணன் மகளின் சைக்கிளை எடுத்தவள், அதைத் திருப்பிக் கொடுக்க மனசில்லாமல் தானே ஒன்று வாங்கினாள். அதில் ஆரம்பித்தது இங்கே வந்து நிற்கிறது. சிலருக்குச் சீரியல், அவளுக்கு இது.

நீச்சலுக்குப் பயமில்லை, கிணற்றில் குதித்து வளர்ந்தவள். ஓட்டமும் பரவாயில்லை. சைக்கிளுக்குத்தான் எட்டு மணி நேரம் கெடு வைத்திருந்தார்கள். அவள் கோட்டைத் தொட்டபோது எட்டு மணி ஏழு நிமிடம். ஒரு கல்லூரிப் பெண் குனிந்து, அவள் கணுக்காலில் கட்டியிருந்த, நேரம் குறிக்கும் சிப்பைக் கழற்றிக்கொண்டு, "சாரி மேடம்" என்றாள். வேனில் இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள். ஓடுவதற்கென்று பையில் வைத்திருந்த ஷூ கயிறு அவிழாமலே வீட்டுக்குத் திரும்பி வந்தது.

ஒரு மணி நேரம் தாமதமாகியிருந்தால் இது நமக்கு ஆகாது என்று விட்டுத் தொலைத்திருப்பாள். ஏழு நிமிடம் என்பதுதான் அவளைத் தூங்கவிடவில்லை. போதாக்குறைக்கு அவள் கணவன் சுபாஷ் ஆறுதல் சொல்கிறேன் என்று, "உடு வாணி, ஒரு டீ குடிக்கிற நேரந்தானே" என்றான். அன்றைக்கு டீ குடிப்பதை நிறுத்தியவள்தான். காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, சாயங்காலம் இரண்டு என்று குடித்துக்கொண்டிருந்தவள், வீம்புக்கு நீராகாரம் குடிக்க ஆரம்பித்தாள். இந்த ஆவணியில் திரும்பப் போவது என்று பெயரும் கொடுத்துவிட்டாள். இந்த முறையும் சைக்கிளில் இறக்கிவிட்டால் அதற்கப்புறம் போவதாக இல்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிவைத்திருந்தாள்.

தை பிறந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் கிளம்பினாள். வீட்டிலிருந்து சங்கராபுரம், அங்கிருந்து மூங்கில்துறைப்பட்டு. சர்க்கரை ஆலை ஓடிக்கொண்டிருந்த நேரம். ரோடு முழுக்கக் கரும்பு டிராக்டர். டிரெய்லருக்கு மேல் இன்னொரு ஆள் உயரத்துக்குக் கரும்பைக் கட்டி, தோகை இருபக்கமும் ரோட்டைக் கூட்டிக்கொண்டு போகும். அதைத் தாண்டுவது பெரிய வேலை, எதிரில் பஸ் வரும். பின்னால் போவதுதான் பத்திரம் என்று கோகிலவாணி கண்டுகொண்டாள். நாய் துரத்தாது, குழி எங்கே இருக்கிறது என்று டிரெய்லர் குலுங்குவதிலேயே தெரிந்துவிடும். ஒன்றரை ஆள் இடைவெளி விட்டு, கரும்புச் சாற்று வாசனையை மூக்கில் வாங்கிக்கொண்டு மிதித்துக்கொண்டே போவாள். ஒரு டிராக்டர் திரும்பினால் அடுத்ததைப் பிடித்துக்கொள்வாள்.

கைப்பிடியில் மாட்டியிருந்த போன் சராசரி வேகத்தைக் காட்டும். இருபத்து நாலு, இருபத்து நாலரை, மாசி கடைசியில் இருபத்தைந்து. துணை சுகாதார நிலையத்துக் காலண்டரில் கர்ப்பிணிகளின் தேதிகளுக்குப் பக்கத்தில் இந்த எண்களையும் எழுதிவைத்தாள். எட்டு மணி நேரத்துக்கு இருபத்திரண்டரை போதும். வழியில் நிறுத்தி பாட்டிலில் ஓ.ஆர்.எஸ். பவுடரைக் கரைத்துக் குடித்தால், "யாருக்கு நர்சம்மா வயித்தால போவுது?" என்று டீக்கடைக்காரர்கள் கேட்பார்கள். அதற்கும் சிரித்தாள். அந்த நாலு மாதமும் அவளுக்கு எதைப் பார்த்தாலும் சிரிப்பு வந்தது.

சித்திரை கடைசியில் அரவை முடிந்தது. ஆலை நின்றது, ரோடு காலியானது. அடுத்த ஞாயிறு ரோடே தனக்குத்தான் என்ற குஷியில் போனவள், திரும்பிவந்து போனைப் பார்த்தாள். இருபத்தொன்று. அதற்கடுத்த வாரம் இருபதரை. மேற்கே கல்வராயன் மலையிலிருந்து காற்று கிளம்பியிருந்த வாரம் இருபதைத் தாண்டவில்லை. தொடை எரிந்தது, முதுகு விட்டுப்போனது.

நர்ஸ் ஆயிற்றே, தன்னையே நோயாளியாக்கிக்கொண்டாள். ரத்தம் எடுத்துப் பார்த்தாள், ஹீமோகுளோபின் பன்னிரண்டு இருந்தது. அடிக்கிற வெயிலோ என்று நாலரை மணிக்கே கிளம்பிப் பார்த்தாள். செயினில் எண்ணெய் போட்டாள். டயரைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தாள். கடைசியில் சுபாஷ் மேல் பாய்ந்தாள்.

"நீங்க ஆக்கிப்போடற சோத்துல சத்தே இல்ல."

"நாலு மாசமா இதே சோத்தத் துன்னுட்டுத்தான் இருவத்தஞ்சுல போன," என்றான் சுபாஷ். ஞாயிற்றுக்கிழமை சமையல் அவன் பொறுப்பு. மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டே சொன்னான்: "வயசு முப்பத்தெட்டு ஆவுது வாணி. உடம்பு கொஞ்சம் சொல்லத்தான் சொல்லும்."

அந்த வார்த்தை அவளுக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

விஷயம் வெளிவந்தது அதற்கடுத்த புதன்கிழமை. டிராக்டர் ஓட்டும் ராஜாங்கம் தன் பேத்தியைத் தூக்கிக்கொண்டு ஒன்பதாம் மாத ஊசிக்கு வந்திருந்தார். அந்தக் குழந்தையின் அப்பாவுக்குப் பாம்பு கடித்தபோது ஆம்புலன்ஸில் கூடவே கள்ளக்குறிச்சி வரைக்கும் போனவள் கோகிலவாணி. அதிலிருந்து ராஜாங்கத்துக்கு அவள் மேல் தனி மதிப்பு. ஊசி போட்டு முடித்து, குழந்தை ஒரு மூச்சு அழுது ஓய்ந்தது.

"சைக்கிளு எப்டிப் போய்க்கினு இருக்குதுங்க நர்சம்மா?"

"எங்கண்ணே. வேகமே வர மாட்டேங்குது. கரும்பு சீசன்ல நல்லாப் போனேன். இப்ப இன்னா ஆச்சின்னே தெரியல."

ராஜாங்கம் சிரித்தார். "பின்ன, இப்ப நாங்க இல்லியே."

"நீங்க இல்லன்னா?"

"எங்க லோடு காத்த அடைச்சிக்கும் இல்லிங்களா. பின்னாடி வர்றவங்களுக்கு ஒண்ணுந் தெரியாது, இழுத்துகினு போறாப்புல இருக்கும். கண்ணாடியில நீங்க வர்றது தெரிஞ்சா நான் ஒரே சீரா ஓட்டுவேன். நீங்க மூச்சு வாங்குனா கொஞ்சம் கம்மி பண்ணிக்குவேன். மத்த பசங்ககிட்டயும் சொல்லி வச்சிருந்தேன், அந்தம்மா வந்தா பிரேக்கு அடிக்காதீங்கடா, ஒரே சீரா போங்கடான்னு. எல்லாம் தங்கமான பசங்க, சொன்னபடி கேட்டானுங்க."

பெருமையாகத்தான் சொன்னார். செய்த உதவியைச் சொல்லும்போது மனுஷனுக்கு முகம் மலரத்தானே செய்யும். கோகிலவாணியோ மனசுக்குள் கணக்குப் போட்டாள். எத்தனை டிராக்டர், எத்தனை ஞாயிறு. தை, மாசி, பங்குனி, சித்திரை. காலண்டரில் எழுதியிருந்த அத்தனை எண்ணும் கரும்பு லோடு ஓட்டிய வேகம். அவளுடையது அதில் ஒன்றுகூட இல்லை. போட்டியில் இன்னொரு சைக்கிளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனாலே தப்பு, நிறுத்திவைப்பார்கள். அவள் டிராக்டருக்குப் பின்னால் போய்ப் பழகியிருக்கிறாள்.

"உங்கள யாருண்ணே இதெல்லாம் செய்யச் சொன்னது?" என்றாள். குரல் அவள் நினைத்ததை விடக் கூர்மையாக வந்துவிட்டது.

ராஜாங்கத்தின் சிரிப்பு அப்படியே நின்றது. பேத்தியைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார். "நல்லதுன்னு நெனச்சிதாங்க," என்று சொல்லிவிட்டு, ஜுர மாத்திரையை வாங்காமலே போய்விட்டார். அவள் ஓடிப்போய்க் கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தைக் கோபமாக்கி அடுத்தவர் தலையில் வைத்துவிட்டோம் என்பது தெரிந்தபோது இன்னும் வெட்கமாக இருந்தது. மாத்திரையை ஆஷா பணியாளர் அம்சவள்ளியிடம் கொடுத்தனுப்பினாள்.

அன்று சாயங்காலம் காலண்டரைக் கழற்றி, எழுதியதையெல்லாம் அடித்தாள். போட்டிக்குப் பதினோரு வாரம் இருந்தது. அழுவதற்கு ஒரு ராத்திரியை ஒதுக்கினாள். மறுநாள் விடியற்காலை சைக்கிளை எதிர்ப்பக்கமாக, மலையைப் பார்த்துத் திருப்பினாள்.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டதும் ரோடு ஏற ஆரம்பிக்கும். வெள்ளிமலை வரைக்கும் வளைவு வளைவாக ஏற்றம். அங்கே யாருக்குப் பின்னாலும் ஒளிய முடியாது. மலையே எதிரில் நிற்கும்போது எந்த லோடு வந்து மறைக்கும்? முதல் நாள் மூன்றாவது வளைவில் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள். மலையிலிருந்து இறங்கி வந்த பஸ் கண்டக்டர் எட்டிப் பார்த்து, "நர்சம்மா, பஞ்சரா?" என்றார். "ஆமா" என்று பொய் சொன்னாள். அடுத்த வாரம் அதே கண்டக்டர் அதே இடத்தில், "தெனம் பஞ்சரா?" என்றபோது வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னாள். அதற்கப்புறம் அவர் அவளைத் தாண்டும்போதெல்லாம் எத்தனையாவது வளைவு என்று விரலைக் காட்டிவிட்டுப் போவார்.

வாரம் மூன்று நாள் டூட்டிக்கு முன்னால் ஏற்றம். ஞாயிற்றுக்கிழமை வெள்ளிமலை வரைக்கும் போய், இறங்கி, சமவெளியில் எதிர்காற்றில் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர். எந்த வண்டி பின்னாலும் ஒட்டுவதில்லை. பஸ் வந்தால் ஒதுங்கி, அது போய்ப் புழுதி அடங்கும்வரை மெதுவாகப் போவாள். பார்க்கிறவர்களுக்குக் கிறுக்கு மாதிரி இருந்திருக்கும். ஆனியில் ஒரு நாள் கடைசி வளைவையும் இறங்காமல் ஏறினாள். மேலே போய்ச் சாமைக் கொல்லை ஓரமாக நின்றபோது கால் இரண்டும் தன்பாட்டுக்கு ஆடின. போன் பன்னிரண்டு என்று காட்டியது. சின்ன எண்தான், ஆனால் அது அவளுடைய எண். காலண்டரில் அதை எழுதினாள்.

ஆடி மாதம், போட்டிக்கு மூன்று வாரம் முன்னால், கடைசி நீளப் பயிற்சி. முழு நூற்றெண்பது. வீட்டிலிருந்து சங்கராபுரம், மூங்கில்துறைப்பட்டு, திருக்கோவிலூர். போக தொண்ணூறு, வர தொண்ணூறு. எட்டு மணி நேரத்துக்குள் வீட்டு வாசலைத் தொட வேண்டும். தொட்டால் போட்டிக்குப் போவது, இல்லையென்றால் பெயரை எடுத்துவிடுவது. இந்த முறை சுபாஷிடம் சொல்லிவிட்டே கிளம்பினாள். அவன் ஒன்றும் பேசாமல் வாழைப்பழமும் கடலை உருண்டையும் கட்டிக் கொடுத்தான். அதுவே அதிசயம்.

ஐந்தரை மணிக்குக் கிளம்பினாள். போகும்போது காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. ஆனாலும் அடக்கியே மிதித்தாள். திருக்கோவிலூரில் திரும்பும்போது கிளம்பி மூன்று மணி நேரம் ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. அங்கிருந்து காற்று முகத்துக்கு வந்தது. தலையைக் குனிந்து, பல்லைக் கடித்து, மலையில் ஏறியதை நினைத்துக்கொண்டு போனாள். கணக்கு சரியாகத்தான் வந்துகொண்டிருந்தது, அந்த எள் வரும்வரைக்கும். யாரோ பாதி ரோட்டில் எள்ளைக் காயப்போட்டு, வண்டி ஏறாமலிருக்கச் சுற்றிலும் கல்லும் முள்ளுமாக வைத்திருந்தார்கள். அவள் வீட்டிலும் அப்படித்தான் காயப்போடுவார்கள், அதனால் திட்டவும் வாய் வரவில்லை. காற்றில் விலகிக் கிடந்த ஒரு முள் முன்சக்கரத்தில் ஏறியது. டியூபை மாற்றி, கைப்பம்பில் காற்றடித்து ஏறும்போது இருபது நிமிடம் போயிருந்தது. எட்டு மணிக் கெடுவில் பஞ்சருக்கென்று தனி நேரம் கிடையாது.

நூற்றைம்பதாவது கிலோமீட்டரில், கிளம்பி ஆறு மணி நேரம் நாற்பத்து நாலு நிமிடம் என்றது போன். இன்னும் முப்பது கிலோமீட்டர். இருப்பது எழுபத்தாறு நிமிடம். எதிர்காற்றில் இருபத்து நாலுக்குப் பக்கத்தில் ஓட்டியாக வேண்டும். நாக்கு வறண்டிருந்தது. தொடையில் சதை துடித்தது.

அப்போதுதான் முன்னால் ஒரு வைக்கோல் லோடு தெரிந்தது. ரோட்டை அடைத்துக்கொண்டு, கரும்பு லோடை விட அகலமாக, ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது. நெருங்க நெருங்க டிராக்டரை அடையாளம் கண்டுகொண்டாள். மட்கார்டில் பேத்தி பெயர். ராஜாங்கம்.

அவரும் கண்ணாடியில் பார்த்துவிட்டார். வேகத்தைக் கொஞ்சம் தணித்து, கையை வெளியே நீட்டி, பின்னால் வா என்பது போல ஆட்டினார்.

வேண்டுமென்று போகவில்லை, போய்விட்டாள். வைக்கோலுக்குப் பின்னால் வந்ததும் காதில் இரைந்துகொண்டிருந்த காற்று நின்றது. பெடல் லேசானது. காலுக்கு எத்தனை சுகம் என்று சொல்லி மாளாது. அந்த நேரத்து வேகம் இருபத்திரண்டு என்றது போன். பத்து நிமிடம் இப்படியே போய்க் கொஞ்சம் தேறிக்கொள்வோம், அப்புறம் தாண்டிக்கொள்வோம் என்று உள்ளே ஒரு குரல் சமாதானம் சொன்னது. யார் பார்க்கிறார்கள், இது போட்டியா என்ன. அந்தக் குரலை அவளுக்கு நன்றாகத் தெரியும். தையிலிருந்து சித்திரை வரைக்கும் அதோடுதான் குடித்தனம் நடத்தியிருந்தாள்.

கடற்கரை ரோட்டில் வைக்கோல் வண்டி வராது.

வலது பக்கம் விலகினாள். காற்று அறைந்த மாதிரி வந்து மோதியது. சைக்கிள் ஒரு முழம் தள்ளாடியது. எழுந்து நின்று மிதித்தாள். டிரெய்லரின் பின்சக்கரம், கொக்கி, டிராக்டரின் பெரிய சக்கரம் என்று ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் நகர்ந்தது. ராஜாங்கத்தின் முகம் நேருக்கு நேர் வந்தது.

"காத்து ஜாஸ்தியா அடிக்குதுங்க நர்சம்மா, பின்னாலயே வாங்க," என்று கத்தினார்.

"அடிக்கட்டும்ணே," என்றாள். அதற்குமேல் பேச மூச்சு இல்லை.

அப்புறம் சங்கராபுரம் எப்படி வந்தது, எப்படிப் போனது என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. எதிரே மலை மட்டும் நீலமாக நின்றுகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு மிதித்தாள். போனைப் பார்க்கவில்லை, பார்த்தால் பயம் வரும். ஒரு இடத்தில் வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டும் மிதிக்கலாம் என்று தெரிந்தது. ஊர் எல்லை வந்தது, துணை சுகாதார நிலையம் வந்தது. தெருமுனையில் கோழி ஒன்று குறுக்கே ஓடியது. வாசலில் சுபாஷ் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ.

அவன்தான் குனிந்து போனைப் பார்த்தான்.

"ஏழு மணி அம்பத்தெட்டு," என்றான். "ரெண்டு நிமிசம் மீதி."

கோகிலவாணி சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். சுபாஷ் ஒரு சொம்புத் தண்ணீரை அவள் தலையில் ஊற்றினான், இன்னொரு சொம்பைக் குடிக்கக் கொடுத்தான். போனில் கடிகாரத்தை நிறுத்த இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

தெருவில் டிராக்டர் சத்தம் கேட்டது. வைக்கோல் லோடு இரண்டு பக்கத்துக் கூரையையும் உரசிக்கொண்டு வந்து, அவர்கள் வாசலிலேயே நின்றது.

"மாட்டுக்குன்னு நாந்தான் சொல்லியிருந்தேன்," என்றான் சுபாஷ்.

ராஜாங்கம் இறங்கித் துண்டை உதறினார். அவளைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். "வந்து ரொம்ப நேரம் ஆயிடுச்சிங்களா? நானும் நிக்காமத்தான் வந்தேன்."

அப்போதுதான் அவள் போனைப் பார்த்தாள். எட்டு மணி ஏழு நிமிடம்.

மறுபடியும் பார்த்தாள். ஏழுதான். அந்தச் சுகமான வைக்கோலுக்குப் பின்னாலேயே வந்திருந்தால், சரியாக இந்த நிமிடத்தில்தான் இந்த வாசலைத் தொட்டிருப்பாள். போன வருஷம் சிப்பைக் கழற்றிய அதே நிமிடம். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. போனை ராஜாங்கத்தின் பக்கம் நீட்டினாள். அவர் எட்டிப் பார்த்தார். இந்த எண் ஊருக்கே தெரிந்த எண்ணாயிற்றே, அவருக்கா தெரியாது.

"நல்லவேளை, என் பேச்சக் கேக்கல நீங்க," என்றார்.

"அன்னிக்கி ஊசி போட வந்தப்ப உங்ககிட்ட கோவமா பேசிட்டேண்ணே. என் மேல இருந்த கோவம் அது."

"பேசுனா பேசிட்டுப் போங்க. ரோட்டுலதான் என்ன வுட்டுட்டு வந்துட்டீங்களே, கணக்கு சரியாப் போச்சி." வைக்கோல் கயிற்றை அவிழ்க்கப் போனவர் திரும்பினார். "அந்த ஓட்டம் நாப்பத்திரண்டு கிலோமீட்டருன்னு சொன்னாங்களே, மெய்யாலுமா?"

"மெய்தாண்ணே. இந்தத் தபா அதையும் ஓடிப் பாத்துடறேன்."

சுபாஷ் கேட்கலாமா வேண்டாமா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் கேட்டுவிட்டான். "டீ போடட்டா வாணி?"

ஒரு வருஷமாக அந்த வீட்டில் கேட்கப்படாத கேள்வி. கோகிலவாணி நனைந்த முடியைக் கையால் பின்னுக்குத் தள்ளினாள்.

"போடுங்க," என்றாள். "அண்ணனுக்கும் சேத்துப் போடுங்க. எனக்குச் சக்கர கொஞ்சம் ஜாஸ்தியா."